மழைக்கு மச்சான் வீட்டில் நின்ற கார்

குடிதண்ணீர் கேனில் காரைக் கழுவுகிற ஆள் என்று எங்கள் தெருவில் எனக்கு ஒரு பெயர் உண்டு. சொல்லிவிட்டுப் போகட்டும். பீர்க்கன்கரணையில் எங்கள் வீட்டு போர் தண்ணீரை வாயில் வைக்க முடியாது, அவ்வளவு உப்பு. அதை எடுத்து இரும்பின் மேல் ஊற்ற எனக்கு மனம் வராது. முப்பது வருஷம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் துருப்பிடித்தல் பாடம் எடுத்தவன் நான். சோதனைக் குழாய்களில் ஆணிகளைப் போட்டு, உப்புத் தண்ணீரில் கிடக்கிற ஆணிதான் முதலில் போகும் என்று காட்டியவன். என் வண்டிக்கே அது நடக்க விடுவேனா?

வண்டிமேல் அவ்வளவு ஆசையா என்று கேட்பார்கள். ஆசை இருந்தது, ஆனால் காரணம் வேறு. என் மனைவிக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. பம்மலில் ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை. பஸ் படி ஏற முடியாது. ஷேர் ஆட்டோ என்றால் ஒருவர் கை கொடுத்துத் தூக்கிவிட வேண்டும். காரில்தான் நான் தினமும் கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் அழைத்து வருவேன். இந்த வருஷம் வண்டிக்குப் பதினைந்து வயது முடிகிறது. ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டி, நல்ல நிலையில் இருக்கிறது என்று எழுதி வாங்கினால்தான் மேற்கொண்டு ஓட்டலாம். அவள் ஓய்வு பெற இன்னும் நான்கு வருஷம். இன்னொரு கார் எங்களுக்கு இனி வாய்க்காது. இந்த வண்டி நான்கு வருஷம் தாங்க வேண்டும், அவ்வளவுதான் நான் கேட்டது.

அதற்காக என்னென்ன செய்தேன்! செப்டம்பர் பிறந்தால் பம்மல் ஷெட்டில் வண்டியைத் தூக்கி நிறுத்தி, அடிப்பக்கம் முழுக்கக் கறுப்பு கோட்டிங் அடிக்கச் சொல்லுவேன். மழையில் வந்த வண்டியை ஈரத்தோடு கவர் போட்டு மூட மாட்டேன். மூடினால் உள்ளேயே புழுங்கித் துருப்பிடிக்கும். நாலு கதவையும் திறந்துவைத்து, டேபிள் ஃபேன் போட்டுக் காயவைப்பேன். “அப்படியே சாம்பிராணியும் காட்டிடுங்க சார்” என்பார் எதிர்வீட்டுக்காரர்.

ஆனால் ஏரி நிரம்பினால் என்ன செய்வது? நவம்பரில் எங்கள் தெருவில் முட்டளவு தண்ணீர் வந்துவிடும். மற்றவர்கள் காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்துவார்கள். எனக்கு அந்தக் கவலை இல்லை, மச்சான் இருந்தான். மனைவியின் தம்பி. கோவிலம்பாக்கத்தில் அவன் குடியிருக்கும் அடுக்ககத்தில் கார் நிறுத்துமிடம் தெருவைவிட இடுப்பளவு உயரம். அவனுக்குக் கார் கிடையாது, அந்த இடம் சும்மா கிடந்தது. ஐந்து வருஷமாக, முதல் பெரிய மழைக்கு முன்னால் என் வண்டி அங்கே போய்விடும். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் திரும்பி வரும்.

“பேட்டரி எறங்கிடக் கூடாதுன்னு தினம் ஒரு ரவுண்டு ஓட்டிட்டேன் மாமா” என்று சாவியைக் கையில் கொடுப்பான். உள்ளே கழுவித் துடைத்து, எலுமிச்சை சென்ட் அடித்து, நான் கொடுத்ததைவிடச் சுத்தமாக இருக்கும். எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று பார்ப்பதே அசிங்கம் என்று நான் பார்த்ததில்லை. கூடவே ஒரு முழு வஞ்சிரம் கொண்டுவருவான். “கோவளத்துல தெரிஞ்சவங்க குடுத்தாங்க மாமா.” கிறிஸ்துமஸ் மதியம் அந்த மீன் குழம்புக்கு நான்தான் ஜெபம் பண்ணுவேன், அவன் பெயரையும் சேர்த்துக்கொண்டு. பெற்ற பிள்ளைகூட இப்படிச் செய்ய மாட்டான் என்று சர்ச்சில் பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

நடுவில் மழை விட்டு வெயில் அடித்தால், வண்டியை எடுத்து வந்துவிடலாமே என்பேன். மனைவிதான் தடுப்பாள். “இருக்கட்டுங்க. வங்கக் கடல்ல இன்னொண்ணு உருவாகுதாம். நான் ஷேர் ஆட்டோல எப்படியோ போய்க்கிறேன்.” இந்த வலியிலும் வண்டியை நினைக்கிறாளே என்று எனக்குப் பெருமையாக இருக்கும். இரண்டு வருஷத்துக்கு முன் டிக்கிக்குப் புது ரப்பர் மேட்கூட அவளே வாங்கிப் போட்டாள்.

இந்த ஆகஸ்டில், ஆர்.டி.ஓ.வுக்குப் போகும் முன் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று ஷெட்டுக்கு எடுத்துப்போனேன். மெக்கானிக் டிக்கியைத் திறந்து, மேட்டைச் சுருட்டி, ஸ்டெப்னி டயரைத் தூக்கி வெளியே வைத்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“இன்னா சார், மீன் லோடு அடிச்சிகினு இருந்தீங்களா?”

குனிந்து பார்த்தேன். டயர் உட்காரும் குழியில் வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்துக் கிடந்தது. நடுவில் காய்ந்த மீன் செதில்கள், தெர்மாகோல் துணுக்குகள். அவர் ஸ்க்ரூடிரைவரால் லேசாகத் தட்டினார். அது அப்படியே உள்ளே போய்விட்டது. அப்பளம்கூடக் கொஞ்சம் சத்தம் போட்டு உடையும்.

“அடில பாத்தா பளபளன்னு கீது சார். உங்க கோட்டிங்தான் தகட்டப் புடிச்சிகினு கீது. மீன் பொட்டில ஐஸோட கல்லுப்பு போடுவாங்க. அது உருகி உருகி மேல இருந்து தின்னுட்ச்சு. ஒரு வருசத்து வேல இல்ல இது.”

“தகடு வெட்டி வெல்டிங் வெச்சா?”

“பின்னாடி வீலப் புடிக்கிற எடமே போயிட்ச்சு. வாணாம் சார், பேஜாரு. அம்மாவ உக்கார வெச்சிகினு போற வண்டி.”

ஒருநாளும் பஞ்சர் ஆகாத வண்டி. ஸ்டெப்னியை நான் எடுத்ததே இல்லை. வருஷா வருஷம் அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தவனுக்கு, டிக்கியைத் திறந்து மேட்டைத் தூக்கிப் பார்க்கத் தோன்றவில்லை. பாலுக்குப் பூனையைக் காவல் வைத்திருக்கிறேன்! உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். என் வண்டிக்கு உப்பிட்டவனை நான் மறக்கவா போகிறேன்?

எனக்குக் கோபம் வந்தால் தெருமுனை வரை கேட்கும். “உன் தம்பி என்ன காரியம் பண்ணியிருக்கான் தெரியுமா? நம்ப வெச்சுக் கழுத்தறுத்துட்டான். போடு போனை!” என்று வாசலிலிருந்தே கத்திக்கொண்டு வந்தேன். மனைவி கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும் வரை தலை நிமிரவில்லை.

“தெரியும்” என்றாள்.

“என்ன தெரியும்?”

“மீன் கொண்டு போனது தெரியும். வேலை போனப்புறம் ஃப்ளாட்டுகளுக்கு மீன் குடுக்க ஆரம்பிச்சான். மழைல மீன்காரம்மாங்க தெருவுக்கு வர மாட்டாங்க, அப்பதான் அவனுக்கு ஆர்டர். வண்டி சும்மாதான நிக்குது, எடுத்துக்கடான்னு நான்தான் சொன்னேன்.”

“எப்போலேர்ந்து?”

“முதல் வருஷத்துலேர்ந்தே.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?”

“சொன்னா குடுத்திருப்பீங்களா? வேலை போச்சுன்னு வந்தவனை உக்கார வெச்சு ஒரு மணி நேரம் பாடம் எடுத்தீங்க. அவன் சாப்பிடாமப் போனான்.” பிறகு குரல் இறங்கியது. “தண்ணி சொட்டுமேன்னு மேட்டு வாங்கிப் போட்டேங்க. இரும்பைத் தின்னும்னு எனக்கு எப்படித் தெரியும்?”

பாடம் எடுத்தது உண்மை. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் உப்பைப் பற்றிச் சொன்னவன் வீட்டில் சொல்லவில்லை, அதுவும் உண்மை. அதற்காக? ஐந்து டிசம்பர் அவள் ஷேர் ஆட்டோவில் ஏறி இறங்கியது என் வண்டிக்காக என்று நினைத்து உருகிப்போயிருந்தேன். சாயங்காலம் வந்ததும் அந்த முழங்காலுக்குத் தைலம் தேய்த்தவன் நான். தேய்க்கிற கையைப் பார்த்தாவது ஒருநாள் சொல்லியிருக்கலாம். மச்சான் ஏமாற்றினான், சரி, அவன் இன்னொரு வீட்டுக்காரன். இவள் என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் பண்ணிய ஜெபத்துக்கு ஆமென் சொன்னாள்.

போன வாரம் வண்டியைப் பழைய இரும்புக்குக் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். மறுநாள் காலை அவளோடு மெயின் ரோடு வரை நடந்தேன். ஷேர் ஆட்டோ வந்து நின்றது. “கை குடு சார், அம்மா ஏறட்டும்” என்றார் டிரைவர். கொடுத்தேன். ஒரு காலைப் படியில் வைத்து, எடை முழுவதையும் என் கையில் போட்டு, வலியில் கண்ணை மூடிக்கொண்டாள். ஏதோ சொல்ல வருகிறாள் என்று தெரிந்தது. மன்னிப்புக் கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

“தம்பிகிட்ட ஒண்ணும் கேட்டுடாதீங்க” என்றாள்.

நான் கையை விட்டுவிட்டேன். அதற்குள் அவள் ஏறி உட்கார்ந்திருந்தாள்.