முதலில் தொட்டது யானையை

அந்த ஆட்டத்தில் நான் சட்டப்படிதான் நடந்துகொண்டேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அலுவலக வேலை போக, காரைக்காலில் நடக்கும் செஸ் போட்டிகளுக்கு ஆர்பிட்டராக, அதாவது நடுவராகப் போவேன். அதற்கு முன் நானும் ஆடியவன்தான். ஆட்டத்தைத் தொடங்க வருடக்கணக்கில் இத்தாலியன் ஓப்பனிங்கையே ஆடினேன். மாவட்ட அணியில் ஒரு தடவைகூட இடம் கிடைக்கவில்லை. என் செக்‌ஷனில் வேலை பார்த்த முருகையன், பக்கத்துப் பட்டினத்துக்காரர், நான் ஆடுவதைப் பார்த்துத்தான் அந்த ஓப்பனிங்கைப் பிடித்தார். இரண்டே வருடத்தில் அணியில் சேர்ந்துவிட்டார். கேண்டீனில் எல்லோரும் அவருக்குக் கை கொடுத்தார்கள். நானும் கொடுத்தேன். வயிறு எரிந்தது.

அடுத்த வருடத் தேர்வுப் போட்டி. கடைசிச் சுற்றில் ஜெயிப்பவருக்கு அணியில் இடம். முருகையனுக்கு வெள்ளைக் காய், எதிரே ஒரு பேங்க்காரர். மறுபடியும் அதே இத்தாலியன். நான் அந்த போர்டை விட்டு நகரவில்லை. ஐந்தாவது மூவில், ராஜாவையும் யானையையும் சேர்த்து நகர்த்தி ராஜாவை ஓரத்தில் பத்திரப்படுத்தும் கேஸ்லிங் செய்யக் கை நீட்டிய முருகையன், முதலில் தொட வேண்டிய ராஜாவை விட்டுவிட்டு யானையைத் தொட்டுவிட்டார். பேங்க்காரர் கவனிக்கவே இல்லை.

“டச் மூவ். தொட்ட யானையத்தான் ஆடணும், கேஸ்லிங் கெடயாது” என்றேன்.

“அண்ணே, நான் கேஸ்லிங்தான் பண்ண வந்தேன்னு ஒங்களுக்குத் தெரியாதா?”

“ரூல்னா ரூல்தான் முருகையன்.”

சொல்லும்போது எனக்கு அவ்வளவு சந்தோஷம். அவர் யானையை நகர்த்தினார். ராஜா நடுவிலேயே மாட்டிக்கொண்டது. முப்பதாவது மூவில் தோற்றார்.

ஸ்கோர் ஷீட்டில் கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டினார். குரலை உயர்த்தவில்லை.

“நீங்க சொன்னது சரிதாண்ணே. காலை ஆட்டத்துல இந்த பேங்க் சாரும் கேஸ்லிங் பண்ணப் போயி யானையத்தான் மொதல்ல தொட்டாரு. பக்கத்து போர்டுல நான் உக்காந்திருந்தேன். ‘ராஜாவ மொதல்ல எடுங்க சார்’னு சிரிச்சுக்கிட்டே விட்டுட்டீங்க.”

உண்மைதான். எனக்கு அது சுத்தமாக மறந்துபோயிருந்தது. ஷீட்டை வாங்கி ஃபைலில் வைத்தேன். வேறு என்ன செய்வது?

புதிதாக வரும் ஆர்பிட்டர்கள் சட்டப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்துவிட்டு வருகிறார்கள். அவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. எந்த போர்டுப் பக்கம் போய் நிற்க உங்கள் கால் துடிக்கிறதோ, அங்கே துணை ஆர்பிட்டரை அனுப்புங்கள்.

முருகையன் இப்போதும் ஆடுகிறார். அவர் போர்டுப் பக்கம் நான் போவதில்லை. கேட்டால் முட்டி வலி என்பேன். போன மாதமும் ஜெயித்தார், அதே இத்தாலியன். வாசலில் நின்று பார்த்தேன். வயிறு இன்னும் எரியத்தான் செய்கிறது.