எண்ணெய் கேட்காத புஷ்ஷும் என் வடைச்சட்டியும்

என் வீட்டுக்காரருக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு பயம்தான்: அட்டை. சிறுத்தை வந்தால்கூட நின்று பார்ப்பார். அட்டை என்றால் வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். அதனாலேயே நோர்வூட் பக்கத்தில் எங்கள் தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், மெஷினுக்கு எண்ணெய் விடும் வேலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் கொழுந்து பறித்துவிட்டு வந்து, காலில் தொங்கும் அட்டைக்குச் சுண்ணாம்பு தடவும்போது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். எனக்கு வருகிற கோபத்தைக் கேட்க வேண்டாம்.

சுதந்திரம் வந்தும் எங்களுக்கு வெள்ளைத் துரைதான். தேயிலை காய வைக்கும் மெஷினில் சுழலும் தண்டைத் தாங்குகிற பேரிங்குகள் அவருக்குத் தீராத தலைவலி. அந்தச் சூட்டில் எண்ணெய் தண்ணீராக ஓடிவிடும். மிச்சத்தில் தேயிலைத் தூள் விழுந்து களியாகிவிடும். ஒரு சொட்டுப் பட்டால் தேயிலையே நாறும். கடைசியில் அந்த இடத்தில் மாட்ட, எண்ணெயே விட வேண்டாத புது வளையங்களை, அதாவது புஷ்களை, கொழும்பிலிருந்து வரவழைத்தார். கூட வந்த இஞ்சினியர் சொன்னதை என் வீட்டுக்காரர் இழவுச் செய்தி மாதிரி வந்து சொன்னார்.

"பித்தளை மாதிரி இருக்கு. ஆனா உலோகத் தூளை அமுக்கிச் சுட்டதாம். உள்ள கண்ணுக்குத் தெரியாத ஓட்டையாம், அதுல எண்ணெய் ஊறிக் கெடக்காம். தண்டு சுத்திச் சூடேறுனா தானா வெளிய வருமாம், நின்னா திரும்ப உள்ள போயிருமாம்."

"நம்ம பணியாரம் மாதிரிங்களா?"

"பணியாரம் என்னைய மலைக்கு அனுப்பாதுடி!"

அனுப்பத்தான் போனார்கள். ஆயுத பூசை வாரம் முடிந்ததும் அட்டை மொய்க்கும் மலைக்குப் புல்லு வெட்டப் போக வேண்டும் என்று, ஆட்களுக்கு வேலை பிரிக்கும் காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார் மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா. அன்றிலிருந்து இவருக்குச் சோறு இறங்கவில்லை. தூக்கத்திலும் காலை உதறினார்.

பூசை வந்தது. ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா பக்தியில் யாருக்கும் சளைத்தவரல்ல. எல்லாம் பளபளக்க வேண்டும் என்று புது புஷ்களையும் கழற்றி, மண்ணெண்ணெயில் ஊறப் போட்டு, புளி வைத்துத் தேய்க்கச் சொல்லி, சந்தனம் குங்குமம் வைத்தார். நான் வடைச்சட்டியைக் கொண்டுபோய் அங்கேயே வடை சுட்டேன். இவர் தன் எண்ணெய்க் குப்பிக்குத் தனி மாலை போட்டு விழுந்து கும்பிட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது.

மறுநாள் மெஷினைப் போட்டால், கழுத்தறுபட்ட பன்றி மாதிரி ஒரு கத்தல். மலையில் நின்ற எங்களுக்கே கேட்டது. பூசையில் ஏதோ குறை என்று டீமேக்கர் ஐயா பூசணிக்காய் உடைத்தார். மறுபடியும் கத்தியது. துரை இஞ்சினியருக்குப் போன் போட்டார். மண்ணெண்ணெயில் கழுவினீர்களா என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. உள்ளே ஊறியிருந்த எண்ணெயை எல்லாம் எங்கள் பக்தி வெளியே இழுத்துவிட்டிருந்தது.

சுடு எண்ணெயில் போட்டு, குமிழ் அடங்கும்வரை வைத்து, அதிலேயே ஆறவிட வேண்டுமாம். ஸ்டோரில் அதற்குத் தோதான பாத்திரம், பூசையன்று நான் அங்கேயே விட்டுவந்த வடைச்சட்டி ஒன்றுதான். என்னை யார் கேட்டார்கள்? நான் கொழுந்து நிறுக்க வந்தபோது, இவர் சட்டி நிறைய மெஷின் எண்ணெய் காய்ச்சி, கரண்டியால் புஷ்களைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். துரை பக்கத்தில் குந்தி, வெந்துவிட்டதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தீயைக் கொறைங்க, கருகிரும்" என்றேன், வடை நினைப்பில். குறைத்தார்கள்.

ஆறிய புஷ்களை மாட்டினார்கள். மெஷின் சத்தமில்லாமல் ஓடியது. துரை டீமேக்கர் ஐயாவைப் பார்த்தார், சந்தனக் கிண்ணத்தைப் பார்த்தார், பிறகு என் வீட்டுக்காரரைக் காட்டித் தன் தோட்டத் தமிழில் சொன்னார்.

"இவன் மலைக்குப் போக வேணாம். இங்க நிக்கணும். யாரும் கழுவக் கூடாது, எண்ணெய் ஊத்தக் கூடாது, சாமி கும்பிடக் கூடாது. பாத்துக்கோ!"

இப்படித்தான் எண்ணெய் விடுகிறவர், யாரும் எண்ணெய் விடாமல் காவல் காக்கிறவரானார். காலிக் குப்பியை மட்டும் கையில் வைத்திருப்பார். என் வடைச்சட்டி திரும்பி வரவே இல்லை.

அன்று சாயங்காலம் எங்கள் லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து காலை நீட்டினேன். கெண்டைக்காலில் ஒரு அட்டை புடைத்துத் தொங்கியது. பிழைத்த சந்தோஷத்தில் இருந்த மனுஷன் சுண்ணாம்பு டப்பாவைத் தானே எடுத்துக்கொண்டு வந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. டப்பாவை நீட்டினார், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு.