இடக்கையில் சிலந்தி, வலக்கையில் விளக்குப்பூச்சி

குற்றாலத்தில் சாரல் விழுந்தால் தென்காசியில் எங்கள் வீட்டுக்குள் பூச்சிகள் குடியேறிவிடும். காலேஜில் பி.யு.சி. பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காக நான் காத்திருந்த வருஷம், என் தங்கையின் கழுத்தில் கோடு கிழித்தாற்போல் கொப்புளம் கிளம்பியது. செங்கோட்டையிலிருந்து அவளைப் பெண் பார்க்க வர இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

"எட்டுக்கால் பூச்சி மூத்திரம் பேஞ்சிருக்கு," என்றாள் அம்மா. "இப்பம் கழுத்து. அடுத்தாப்ல மூஞ்சில பட்டா, பிள்ளைய எப்படிக் கொண்டாந்து நிறுத்துவேன்?" கையில் விளக்குமாறு.

எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். என் விலங்கியல் புத்தகத்தில் சிலந்தியின் படம் இருந்தது. மூத்திரத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. நான்கு நாள் பொறுக்கச் சொல்லிவிட்டு, சுவர் சுவராகப் பார்த்தேன். மூலையில் மயிரிழைக் கால்களோடு தொங்கிய சிலந்தி, தொட்டால் வலையோடு ஆடியது, அவ்வளவுதான். ஜன்னலில் இருந்த குட்டிச் சிலந்தி என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு ஈ மேல் பாய்ந்தது. அம்மா பயந்தது மூன்றாவதற்கு: உள்ளங்கை அகலம், தட்டை உடம்பு, வயிற்றடியில் வெள்ளைக் காசு போல முட்டைப்பை. அது வலையே பின்னவில்லை. அடுப்படியில் கரப்பான் பிடித்தது.

அதை டம்ளரால் மூடி, அடியில் போஸ்ட் கார்டைச் செருகி எடுத்தேன். இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை நடக்கவிட்டு, நடந்த வழியில் மையால் கோடு போட்டேன். இரண்டு நாள் கழித்தும் மையைத் தவிர ஒன்றுமில்லை.

"ஒனக்குப் படிச்ச தோலு, ஒண்ணும் செய்யாதுலே," என்றாள் அம்மா.

தங்கை சிரித்தாள். பிறகு யோசித்துச் சொன்னாள்: "அண்ணே, எம்மேல எட்டுக்கால் பூச்சி ஏறவே இல்ல. அரிக்கேன் விளக்குகிட்ட பூ கட்டுதப்பம் எறும்பு மாதிரி ஒண்ணு கழுத்துல ஊர்ந்துச்சு. தேச்சுவிட்டேன். கொப்புளம் வந்தது ரெண்டு நாள் கழிச்சுத்தானே?"

அன்று விளக்கேற்றியதும் அதனருகில் உட்கார்ந்தேன். வந்தது. எறும்பைவிடக் கொஞ்சம் நீளம். செம்மஞ்சள் உடம்பு, தலையும் வால்நுனியும் கறுப்பு. வலக்கையில் வைத்துத் தேய்த்தேன். மறுநாள் லேசாகச் சிவந்தது. அதற்கடுத்த நாள், தங்கைக்கு வந்த அதே கோடு, அதே கொப்புளம், அதே எரிச்சல்.

அம்மா என் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். அரிக்கேனைத் தூக்கிக்கொண்டு போய் வாசல் பக்கத்து ஆணியில் மாட்டினாள்.

"ஏட்டி, இனிமே அந்தப் பூச்சி மேல விழுந்தா தேய்க்காத. ஊதிவிடு. ஊதிட்டு சோப்புப் போட்டுக் கழுவு," என்றாள், ஏதோ தானே கண்டுபிடித்தவள் மாதிரி.

வெள்ளிக்கிழமை செங்கோட்டைக்காரர்கள் வந்தபோது தங்கையின் கழுத்தில் மங்கலான தழும்பு மட்டும் இருந்தது. முகம் தெளிவாக இருந்தது. காப்பி குடித்துக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் அம்மா சட்டென்று எழுந்தார். சுவரில், வெள்ளைக் காசோடு, அது.

"பயப்படாதிய மதினி, அது கரப்பான்தான் பிடிக்கும்," என்றாள் அம்மா.

அவர் தயங்கி உட்கார்ந்து, என் வலக்கையைப் பார்த்தார். "தம்பிக்கு என்ன இது?"

"அதுவா? காலேஜ்ல படிச்சுட்டு வந்தாம்லா," என்றாள் அம்மா. "வீட்டுலயும் ஒரு பரீட்சை எழுதுனான்."