உள்ளே இருக்க வேண்டிய சிலுவை

சனிக்கிழமை மத்தியானம் கோயில் துணிகளைத் தேய்த்து மடிப்பது ஜெரோமின் வேலை. சாப்பாட்டு மேசைமேல் பழைய போர்வையை நாலாக மடித்து விரித்து, கஞ்சி போட்டு உலர்த்திய வெள்ளைத் துணிகளில் தண்ணீர் தெளித்து, இஸ்திரிப் பெட்டியை நிதானமாக ஓட்டுவார். சிங்காநல்லூரில் ஒரு மோட்டார் கம்பெனியில் செம்புக் கம்பி சுற்றி வைண்டிங் கட்டிய கை. ரிட்டயர் ஆவதற்கு முன்பிருந்தே இந்த வேலையும் பழக்கம். அந்த நேரத்தில் மனைவி ஜெபராணி மேசைப் பக்கம் வரக்கூடாது.

வரமாட்டாள். அவர் குளிக்கப் போன பிறகுதான் வருவாள்.

பூசையில் அப்பத் தட்டுக்குக் கீழே விரிக்கிற சதுரத் துணி ஒன்று உண்டு. நீளவாக்கில் மூன்றாக மடித்து, குறுக்கே மூன்றாக மடிக்க வேண்டும். அப்பத் துணுக்கு ஏதும் அதில் விழுந்திருந்தால் கீழே சிந்தாதபடி மேல்பக்கம் முழுக்க உள்ளே போய்விட வேண்டும். விளிம்போரம் தைத்த சின்னச் சிவப்புச் சிலுவையும் உள்ளே போய்விடும். உடுமலைப்பேட்டை சி.எஸ்.ஐ. குடும்பத்திலிருந்து இந்தக் கத்தோலிக்க வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்த புதிதில், "உங்க கோயில்ல துணி மடிக்கறதுக்குக்கூடச் சட்டமுங்களா?" என்று சிரித்தவள்தான் ஜெபராணி.

ஜெரோமின் வலது கை நடுங்கத் தொடங்கிய பிறகு சில துணிகளில் சிலுவை வெளியே வந்து நின்றது. அவர் கவனிப்பதில்லை. ஜெபராணி அதைப் பிரித்து, திருப்பி மடித்து, அடுக்கில் இருந்த இடத்திலேயே வைத்துவிடுவாள். கோயிலில் யாராவது பார்த்தால் திட்டமாட்டார்கள். "போதும்ண்ணா, நீங்க ரெஸ்ட் எடுங்க" என்று அன்பாகச் சொல்லி வேலையை வாங்கிக்கொள்வார்கள். வண்டி ஓட்டுவதையும் நிறுத்திவிட்ட மனிதருக்கு வாரத்தில் மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

இந்தச் சனிக்கிழமை அவர் குளிக்கப் போகவில்லை. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவளுக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"ராணி, அன்னைக்கு டாக்டர் சொன்னாரே, மூளைச் செல்லுல ஏதோ புரதம் மடிப்புத் தப்பிச் சேந்து போகுதுன்னு. அது உன்ற பாடத்துல வருதா?"

பிளஸ் டூவுக்கு உயிரியல் எடுக்கிறவள். பார்க்கின்சன் என்று தெரிந்த நாளிலிருந்து அவர் அதைப்பற்றி வாய் திறந்ததில்லை. ஜெபராணி பேனாவை மூடினாள்.

"புரதம் பொறக்கறப்ப ஒரு நூலாட்டத்தானுங்க இருக்கும். அப்புறம் மடிஞ்சு ஒரு உருவத்துக்கு வரோணும். தண்ணி ஆகாத பாகமெல்லாம் உள்ள ஒளிஞ்சுக்கும். மடிப்புத் தப்புனா அது வெளிய தெரியும்."

"தப்புன்னு அதுல எழுதியா ஒட்டீருக்குது?"

"இல்லீங்க. உள்ள இருக்க வேண்டியது வெளிய இருக்குதுன்னா செல்லுக்கு அது போதும். உடனே துணைப் புரதம் வந்து புடிச்சுக்கும். இன்னொருக்கா மடிஞ்சு பாருன்னு விடும்."

"திட்டாதா?"

"அதென்ன உங்கம்மாவுங்களா, திட்டறதுக்கு?"

ஜெரோம் சிரித்தார். "சரி, அப்பவும் ஆகலேன்னா?"

"யுபிக்விட்டின்னு ஒரு குட்டிப் புரதம் இருக்குது. அதை வரிசையாக் கோத்து, சீட்டு ஒட்டறாப்பல அதுமேல ஒட்டிப்போடும். சீட்டு இருந்தா புரோட்டியசோம்ங்கற பீப்பாய்க்குள்ள இழுத்து, மடிப்பைப் பிரிச்சு, துண்டு துண்டா நறுக்கிரும். அந்தத் துண்டுகளை வெச்சு வேற புரதம் செஞ்சுக்கலாம். எதுவும் வீணாப் போறதில்லீங்க."

"இத்தனை ஏற்பாடு இருக்குது. அப்புறம் எனக்கேன் சேந்து போச்சு?"

வகுப்பில் பிள்ளைகள் யாரும் இப்படிக் கேட்டதில்லை. "வயசாக ஆக அந்த வேலையெல்லாம் மந்தமாயிருதுங்க. வெளிய தெரியற பாகம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கட்டியாப் போனா பீப்பாய்க்குள்ள நுழையாது. வேற வழி இருக்குது, அதுவும் தடுமாறும். உங்களுக்கு ஏன்னு கேட்டா... அது இன்னும் யாருக்கும் முழுசாத் தெரியாதுங்க."

ஜெரோம் மேசைமேல் இருந்த துணி அடுக்கைப் பார்த்தார்.

"அந்தத் துணைப் புரதம் எத்தனை தடவை மடிக்க விட்டுப் பாக்கும்?"

"கொஞ்சத் தடவைதானுங்க. அதையே புடிச்சுட்டு நிக்க முடியாதில்ல."

"நீ எத்தனை தடவையாப் பாக்கறே?"

ஜெபராணி விடைத்தாளைப் பார்த்தாள். எந்தக் கேள்விக்கு மார்க் போட்டுக்கொண்டிருந்தாள் என்று மறந்துவிட்டது.

"போன ஞாயித்துக்கெழம ஃபாதர் துணிய விரிச்சாரு. நான் பக்கத்துலதான் நின்னேன். கஞ்சி போட்ட துணி, ராணி. ஒருக்கா மடிச்சா ஒரு கோடு. அதுல ரெண்டு ரெண்டு கோடு ஓடுது. கோணலா ஒண்ணு, அது என்னுது. இன்னொண்ணு ஸ்கேல் வெச்சாப்பல."

எல்லாவற்றையும் யோசித்தவள் கஞ்சியை யோசிக்கவில்லை.

"சொன்னா மனசு சங்கடப்படுவீங்கன்னுதானுங்க..."

"கோவமில்ல அம்மணி. சீட்டு ஒட்டறது கோயில்காரங்க வேலை. நீ மறைச்சுப்போட்டா அவிங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரிஞ்சா வாங்கிருவாங்களே!"

"வாங்குனா, நான் மடிச்சதப் பாத்து வாங்கட்டும். நீ மடிச்சதுக்கு எனக்கெதுக்குப் பேரு?"

எழுந்து போய் துணிகளை ஒவ்வொன்றாகப் பைக்குள் வைத்தார். மேலே வைத்த துணியில் சிவப்புச் சிலுவை வெளியே தெரிந்தது. ஜெபராணியின் கை தானாக நீண்டது. பாதி வழியில் இழுத்து விடைத்தாள்மேல் வைத்துக்கொண்டாள். பையின் காது ஜெரோமின் விரலில் முதல் தடவை மாட்டவில்லை. அவள் எழவில்லை. மறு தடவை மாட்டியது.

"ஏனுங்க, மேல இருக்கறது திரும்பி இருக்குது. நான் தொடலீங்க. நீங்களே இன்னொருக்கா மடிச்சுப் பாக்கறீங்களா?"

ஜெரோம் குனிந்து பைக்குள் பார்த்தார். துணியை வெளியே எடுக்கவில்லை. பிறகு இஸ்திரிப் பெட்டியின் சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு, பையோடு அறையை விட்டு வெளியே போனார்.