முப்பத்திரண்டு பிட் அக்கா

என் அக்காவைத் தெருவில் பலரும் ‘முப்பத்திரண்டு’ என்றுதான் சொல்வார்கள். சிரித்தால் எல்லாப் பல்லும் தெரிவதால் வந்த பெயர் என்று புதிதாக வருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் அது அவளுடைய கம்ப்யூட்டர்களால் வந்த பெயர்.

மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இன்டர்நெட் சென்டர் வைத்திருந்தாள். பலகைத் தடுப்புகளுக்கு நடுவே ஆறு கம்ப்யூட்டர்கள், மூலையில் அடிக்கடி காகிதத்தை விழுங்கிக்கொள்ளும் ஒரு பிரிண்டர். வேலைக்கு விண்ணப்பிக்கிறவர்கள், தேர்வு முடிவு பார்க்கிறவர்கள், வெளிநாட்டிலிருக்கும் பிள்ளையின் முகத்தைப் பார்க்கிறவர்கள் என்று மாடிப்படிக்கு ஓய்வே கிடையாது. இடம் காலியாகக் காத்திருந்தவர்கள் அந்தப் படியிலேயே உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார்கள்.

ஒருநாள் கம்ப்யூட்டர் விற்கும் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். ஒல்லியான ஆள், சட்டையில் இஸ்திரி மடிப்பு கலையவில்லை. அக்காவின் கம்ப்யூட்டர்களில் இருந்த ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்கு இனி பாதுகாப்புத் திருத்தங்கள் வராது என்றார்.

“அப்ப புதுசைப் போட்டுட்டாப் போச்சு” என்றாள் அக்கா.

“போட முடியாதுங்க. உங்க ப்ராசஸர் முப்பத்திரண்டு பிட். புதுசு அறுபத்திநாலு பிட்டுக்குன்னு எழுதினது. அது போடற உத்தரவு இதுக்குப் புரியாது. ஆறையும் மாத்திடுங்க.”

“உழைக்கிற மாட்டை எதுக்குங்க அடிமாட்டுக்கு அனுப்பணும்?”

அவர் ஒரு டிஸ்க்கை மேசையில் வைத்தார். “நம்பலைன்னா நீங்களே போட்டுப் பாருங்க.”

போட்டுப் பார்த்தாள். கறுப்புத் திரையில் ஒரே வரி வந்தது: இந்த ப்ராசஸருக்கு இது பொருந்தாது. அக்கா உடனே அவருக்கு போன் செய்தாள்.

“முப்பத்திரண்டுக்குன்னு உலகத்துல யாருமே எதுவும் எழுதலையா?”

இல்லை என்று சொல்லியிருந்தால் ஆறு கம்ப்யூட்டர்கள் விற்றிருக்கும். அந்த மனிதருக்குப் பொய் வரவில்லை.

“இருக்கு. லினக்ஸ்னு வேற சிஸ்டம், அதுல லேசான ஒண்ணு இருக்கு, இலவசம்தான். நான் சொன்னேன்னு எங்க ஆபீஸ்ல மூச்சு விட்றாதீங்க.”

ஞாயிற்றுக்கிழமை அவரே வந்து போட்டுக்கொடுத்தார். ஐந்தில் எந்தத் தொல்லையும் இல்லை. ஆறாவதில் மட்டும் சத்தம் வரவில்லை. இருவரும் மேசைக்கடியில் தலையை விட்டு ஒயரைப் பிடுங்குவதும் செருகுவதுமாக இருந்தார்கள். வெளியே வந்தபோது இஸ்திரி மடிப்பு போன இடம் தெரியவில்லை.

மறுநாள் முதல் ஆளாக வந்தவர் எதிர்க்கடை தையல்காரர்.

“என்னம்மா, ஸ்கிரீன்ல என் பட்டனையே காணோம்?”

“இடம் மாறியிருக்கு மாமா. வீடு மாத்தினா ரெண்டு நாள் சுவிட்ச்சைத் தேட மாட்டோமா, அது மாதிரி.”

ஒரு வாரத்தில் எல்லோருக்கும் பழகிவிட்டது. சத்தமும் சரியாகிவிட்டது. ஆனாலும் அதைப் பார்த்துவிட்டுப் போவதாகச் சொல்லி அந்தக் கம்பெனிக்காரர் ஞாயிறு தவறாமல் வந்தார். அம்மாதான் கேட்டாள், “அந்தத் தம்பிக்குக் காதுல ஏதாவது கோளாறாடி?”

அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. அடுத்த வருஷம் அவர் எனக்கு மச்சானானார்.

அதற்குப் பிறகும் அந்த ஆறும் நன்றாகவே ஓடின. ஆனால் எல்லோர் கையிலும் போன் வந்தது. படியில் காத்திருக்க ஆள் இல்லை. ஒருநாள் அந்த லினக்ஸ்காரர்களும், இனி முப்பத்திரண்டு பிட்டுக்குப் புதுப் பதிப்பு கிடையாது என்று அறிவித்தார்கள்.

“தேடினா இன்னும் ஏதாவது ஒண்ணு கிடைக்கும்” என்றார் மச்சான்.

“மெஷினுக்கு சிஸ்டம் தேடலாங்க. மாடியேற ஆளை எங்க போய்த் தேடறது?”

சென்டரை மூடிய அன்று அவள் அழவில்லை. ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வந்தாள். ஆறாவதும் அடங்கியதும், கீழே மருந்துக்கடைக்காரர் யாருக்கோ மாத்திரையை எப்போது போட வேண்டும் என்று விளக்குவது தெளிவாகக் கேட்டது. அத்தனை வருஷத்தில் அந்தக் குரலை நாங்கள் மாடியில் கேட்டதே இல்லை.

இப்போது அக்கா ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் அறையைப் பார்த்துக்கொள்கிறாள். புதிதாக எது வந்தாலும், பெட்டியைப் பிரிப்பதற்கு முன் ப்ராசஸர் என்னவென்று கேட்டுவிடுகிறாள். மச்சான் விற்கிற பெட்டியானாலும் சரி.