டேப் பக்கம் கேட்ட குரல்

சிரிப்பதென்றால் இப்போதே சிரித்துவிடுங்கள், நடுவில் சிரித்தால் எனக்குக் கோபம் வரும். மேல்மலையனூர் கோயிலில் எத்தனையோ அமாவாசைக்கு ஸ்பீக்கர் கட்டியவன் நான். சாமி வந்து ஆடுகிறவர்கள் என் மைக் ஸ்டாண்டைத் தள்ளிவிட்டுப் போனால், ஐயோ ஸ்டாண்டு வளைந்துவிட்டதே என்று எரிச்சல் வருமே தவிர, பயம் வந்ததே இல்லை. செஞ்சி பஜாரில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறவனுக்குப் பேயும் ஒன்றுதான், இரைச்சலும் ஒன்றுதான்.

அன்றைக்கும் அமாவாசை வேலை முடிந்து, இரண்டு நாள் தூக்கம் பாக்கியோடு மத்தியானம் கடையில் சாய்ந்திருந்தேன். கொத்தனார் அந்தோணி தன் மனைவி மேரியோடு வந்தான். மேரிக்குத் தொண்டையில் கட்டி. குரல் பெட்டியையே எடுக்க வேண்டும் என்று பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்களாம். மறுநாள் போய்ச் சேர வேண்டும்.

"ஜெனி ஸ்கூல் வுட்டு வர்றதுக்குள்ள என் கொரல புடிச்சுக் குடுத்துருண்ணே," என்றாள் மேரி. பாவம், பேச்சே கரகரவென்றுதான் வந்தது. "ஆறு வயசுதான் ஆவுது. அம்மா எப்பிடிக் கூப்டுவான்னே மறந்துடுவா."

கம்ப்யூட்டரை நான் நம்புவதில்லை. ஹார்ட் டிஸ்க் போய், பதிந்து வைத்த கல்யாணமே அழிந்து, ஒரு குடும்பத்தின் முன்னால் தலைகுனிந்து நின்றவன். மூடிப்போன ஒரு ஸ்டுடியோவில் வாங்கிய பெரிய ரீல் டேப் மெஷின் இருந்தது, அதைத் துடைத்துப் புது ரீல் மாட்டினேன். அந்தோணி தன் போனிலும் பதிவு போட்டுப் பக்கத்தில் வைத்தான்.

இந்த மெஷினில் ஒரு ஸ்விட்ச் உண்டு. ஒரு பக்கம் போட்டால் மைக்கில் பேசுவது நேராக ஹெட்போனுக்கு வரும். டேப் பக்கம் போட்டால், பேசியது டேப்பில் பதிந்து, ஒரு இமைப்பு நேரம் தாமதமாகக் கேட்கும். பதிவு சுத்தமாக விழுகிறதா என்று அப்படி மாற்றி மாற்றித்தான் பார்ப்போம்.

மேரி மகளை எழுப்புகிற மாதிரி பேசினாள், சாப்பிடக் கூப்பிட்டாள், ஜெபம் சொன்னாள். பிறகு தொண்டை கட்டிக்கொள்ள, தண்ணீர் குடித்தாள். நான் டேப் பக்கம் போட்டேன்.

"ஏய் ஜெனி! நில்லுடி!"

மேரியின் குரல்தான். கரகரப்பே இல்லாத, தெருவே திரும்பிப் பார்க்கிற கத்தல். எதிரே மேரி டம்ளரை வாயில் வைத்திருக்கிறாள். மறுபக்கம் மாற்றினேன், தண்ணீர் இறங்குகிற சத்தம் மட்டும். நம்பினால் நம்புங்கள், எனக்கு வியர்த்துவிட்டது.

தூக்கக் கலக்கம் என்று நினைத்து, அவர்கள் போனதும் ரீலைச் சுற்றிக் கேட்டேன். கத்தல் அப்படியே இருந்தது. அந்தோணி அனுப்பிய போன் பதிவில் அந்த இடம் அமைதி. அந்த ஒரு துண்டை அழித்துவிடலாம் என்று கை போனது. ஆனால் உடம்பு கெஞ்சியது, நாளைக்குப் பார்ப்போம் என்று விட்டேன். அந்த 'நாளை' வரவேயில்லை. அப்படியே பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்துவிட்டேன். அசதி, வேறு காரணம் இல்லை.

"அவ எப்பண்ணே கத்துனா?" என்று அந்தோணி பிறகு ஒருநாள் கேட்டான். "நாந்தான் கத்தச் சொன்னேன்," என்று புளுகினேன்.

நாலைந்து மாதம் கழித்து மேரி மகளை இழுத்துக்கொண்டு கடைக்கு வந்தாள். பேச முடியாதே, நோட்டில் எழுதிக் காட்டினாள். அவர்கள் வீடு மேல்மலையனூர் ரோட்டோரம். முந்தின நாள் அமாவாசை, ஸ்பெஷல் பஸ் ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு வருகிறது. வீட்டுக்குள் ஸ்பீக்கரில் அம்மா குரலை ஓடவிட்டுவிட்டு, ஜெனி பந்தைத் துரத்திக்கொண்டு ரோட்டுக்கு ஓடியிருக்கிறாள். மேரி வாசலில் நிற்கிறாள், கத்த முடியவில்லை.

கடைசி வரியை அவள் இரண்டு முறை அடிக்கோடு போட்டிருந்தாள். 'வாயத் தெறந்தேன்ணே. கொரல் வந்துது.'

ஸ்பீக்கரில் சரியாக அந்த நேரத்துக்கு அந்தக் கத்தல் வந்திருக்கிறது. குழந்தை நின்று திரும்பியிருக்கிறாள். பஸ் அவளை உரசாத குறையாகப் போயிருக்கிறது.

"நீ இன்னா பண்ணே பாப்பா?" என்று கேட்டேன்.

"அம்மா கூப்டாங்க. இன்னாம்மான்னு கேட்டேன்," என்றாள் ஜெனி, கடையில் இருந்த மிட்டாயைப் பார்த்துக்கொண்டே.

அவர்களை அனுப்பிவிட்டு ஷட்டரை இறக்கினேன். பழைய ரீலை மாட்டி, ஹெட்போனில் சத்தத்தை முழுசாக ஏற்றி அந்த இடத்தைக் கேட்டேன். கத்தல் முடிந்து, டேப்பின் சரசரப்புக்கு அடியில், ரொம்பத் தூரத்தில் ஒரு சின்னக் குரல் இருக்கிறது. இதுவரை மேரியிடமும் சொல்லவில்லை, அந்தோணியிடமும் சொல்லவில்லை.

"இன்னாம்மா?"

அதைப் பதிந்த மத்தியானம் ஜெனி பள்ளிக்கூடத்தில் இருந்தாள்.