தெல்தெனியக் காட்டுக்கு நான் எழுதிய கடதாசி

எனக்குத் தெரிந்தது அரபு எழுத்து மட்டும். குர்ஆன் ஓதல் பள்ளியில் ஏழு வயதில் சேர்த்துப் பத்து வயதில் நிறுத்திவிட்டார்கள். அந்த எழுத்தை வைத்துத் தமிழை எழுதுவது எங்கள் பெண்களுக்கு வழக்கம். இதையும் அப்படித்தான் எழுதினேன். பக்கத்து வீட்டு டீச்சர் பிள்ளை பார்த்துத் தமிழெழுத்தில் இறக்கித் தருகிறாள். அங்கங்கே வசனத்தைத் திருத்தப் பார்த்தாள். நான் விடவில்லை.

இத்தனை வயதுக்கு நான் ஒரு காட்டில் ஒரு நாள்கூடத் தங்கியதில்லை. ஆனால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதாம் வருஷத்துக்கு முன்னும் பின்னும் கண்டியிலிருந்து காட்டில் கூடாரமடித்துத் தங்கப் போனவர்களில் என் வீட்டு ஆண்களைப் போல வசதியாகத் தங்கினவர்கள் யாரும் இருக்கமாட்டார்கள். அந்த வசதி நான் செய்தது. அதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்.

என் கணவருக்குக் கண்டியில் துணிக்கடை. கடைக்குப் பின்னால் வீடு. பெரஹரா ஊர்வலக் கூட்டம் கலைந்து வியாபாரம் ஓய்ந்ததும், வருஷம் தவறாமல் அவரும் தம்பிமாரும் கூட்டாளிமாரும் தெல்தெனியவுக்கு மேலே இருக்கிற கவர்மெண்ட் காட்டுக்குப் போவார்கள். அங்கே ஆற்றங்கரையில் மூன்று இரவு தங்கல். காட்டிலாகாக் கந்தோரில் பெர்மிட் எடுக்க வேண்டும். இத்தனை பேர், இன்ன இடம், நெருப்பு இன்ன பாறையில் மட்டும் என்று அதில் போட்டிருக்கும். தெல்தெனிய வரை லொறி. பிறகு மூட்டைகளைச் சுமந்துகொண்டு ஏற்றம்.

ஹந்தானைத் தோட்டத்து ஆள் ஒருவர் சுமைக்காரருக்குத் தலைவராக வருவார். திரும்பி வந்ததும் குசினி வாசலில் அவருக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டு, நான் கதவுக்குப் பின்னால் நின்று ஒவ்வொன்றாகக் கேட்பேன். தண்ணீர் எத்தனை எட்டு, காற்று எந்தப் பக்கம், அட்டை எங்கே அதிகம், எந்த மூட்டை நனைந்தது. அவர் பொறுமையாகச் சொல்லுவார். அப்படிப் பதினோரு வருஷம் கேட்டுக் கேட்டு, அந்த ஆற்றங்கரை என் குசினியைவிட எனக்குப் பழக்கமாகிவிட்டது.

மூட்டை கட்டுவதில் எனக்கு ஒரு முறை இருந்தது. எல்லாவற்றையும் சாக்கில் போட்டு வாயைத் தைத்துவிடுவேன். தைக்காவிட்டால் ஏற்றத்தில் பாதி சிந்திப்போகும். துணிக்கடை வீட்டில் நூலுக்கா பஞ்சம்? மூட்டைக்கு ஒரு நிறம். எந்த நிறத்தில் என்ன, எதை முதலில் பிரிக்க வேண்டும், எதைக் கடைசி நாள் வரை தொடக்கூடாது என்று ஒரு கடதாசியில் எழுதுவேன். லாந்தரும் மெழுகு பூசிய தகரத்தில் நெருப்புப் பெட்டியும் ஒரு மூட்டையில். காய்ச்சலுக்குக் கொயினா மாத்திரை ஒன்றில். உப்பு மூன்று மூட்டையில், ஏனென்றால் ஒரு வருஷம் ஒரே இடத்தில் வைத்து மழையில் கரைந்துபோனது. கடதாசியை முதல் மூட்டையின் கயிற்றுக்கடியில் செருகிவிடுவேன். கணவரும் என்னைப் போல ஓதல் பள்ளி எழுத்துக்காரர்தான். அங்கே போய் அவர் வாசித்துச் சொல்ல, மற்றவர்கள் பிரிப்பார்கள்.

என் மூத்த மகளுக்குப் பன்னிரண்டு நடந்த வருஷம், அவராகவே ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னார், இந்த முறை பெண்களும் வரலாம் என்று. நான், மகள், அவருடைய இரண்டு தங்கைமார். குடும்பத்து ஆண்கள் மட்டும்தான் வருவார்கள், தனிக் கூடாரம், அந்நிய ஆண் கண்ணில் படாத கோஷாவுக்கு ஒரு குறையும் வராது என்றார். மகள் அதுவரை அம்பிட்டியக் குன்றில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போனதைத் தவிர வெளி பார்த்தவள் இல்லை. பெரிய பிள்ளை ஆகிவிட்டால் பிறகு வாசற்படிதான் எல்லை. எங்கள் வீட்டில் அப்படி. ஆக, அந்த வருஷம் போனால்தான் போனது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

ஆறு எப்படி என்று அந்தத் தோட்டத்துச் சுமைக்காரரிடம் இன்னொரு முறை கேட்டேன். “முழங்கால் தண்ணிதாங்கம்மா. அடியில மணலு தெரியும். புள்ள தாராளமா எறங்கலாம்” என்றார். மகள் கதவிடுக்கில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து கிணற்றடிச் சீமெந்துத் தரையில் தண்ணீரை ஊற்றிவிட்டுக் குப்புறப் படுத்துக் கையையும் காலையும் அடிப்பாள். நீந்துகிறாளாம். சட்டை கிழிந்தது. நான் ஏசவில்லை.

அவள் குளிக்கிற இடத்தைச் சுற்றிக் கட்ட, கோடித் துணியில் ஒரு மறைப்புத் தைத்தேன். ஆள் உயரம், நாலு பக்கம், கம்பு செருக நாலு மூலையிலும் பை. காற்றில் தூக்காமல் இருக்க அடி ஓரத்தில் சிறு கற்களை வைத்துத் தைத்தேன். இருபது நாள் வேலை.

போகப் பத்து நாள் இருக்கும்போது அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். பிறகு ஒரு நாள் கடைப் பையனை அனுப்பி அந்த மறைப்பைக் கேட்டார். எதற்கென்று கேட்டனுப்பினேன். பெரிய கந்தோர்க்காரர் ஒருவர் தம் ஆட்கள் மூவரோடு வருகிறாராம். அவருக்கு வெளிக்குப் போகிற குழியைச் சுற்றிக் கட்ட வேண்டுமாம்.

எனக்கு அப்படித்தான் செய்தி வந்தது. பெர்மிட்டில் பன்னிரண்டு பேருக்குத்தான் இடம். எங்கள் நாலு பேர் இடத்தில் அந்த நாலு பேர். ஆஸ்பத்திரிக்கு விரிப்புத் துணி கொடுக்கிற காரியம் அந்த மனிதர் கையில் இருந்தது. அந்நிய ஆண்கள் வந்தபின் பெண்கள் வருவது என்ற பேச்சே இல்லை.

சாப்பிட வந்தவரிடம் கேட்டேன். “மகளுக்கு நான் எனத்தச் செல்ற?”

“வார வருஷம் போவோம்.”

“வார வருஷம் அவ பெரிய புள்ள.”

அவர் கறிக்கோப்பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “அப்ப அவட மாப்பிள கூட்டிப் போவான்” என்றார்.

மகளிடம் நான்தான் சொன்னேன். அவள் அழவில்லை. கிணற்றடிக்கு மட்டும் பிறகு போகவில்லை.

மூட்டையைக் கட்டாமல் விட்டிருக்கலாம் என்று பின்னால் பல பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். என்னால் அது ஏலாது. என் கையால் நடக்கிற வேலை அரைகுறையாக இருப்பதைவிட எனக்குக் கேவலம் வேறில்லை. பதினோரு மூட்டையையும் எப்போதும் போலத் தைத்தேன். கடதாசியையும் எழுதினேன். போகிற அன்று விடியலில் முதல் மூட்டையின் கயிற்றில் செருகினேன். வழக்கமாக மூட்டைகள் கடை முன்பக்கம் இருக்கும். அன்று கந்தோர்க்காரரின் மடக்குக் கட்டிலும் கதிரைகளும் முன்பக்கத்தை அடைத்துக்கொண்டதால், எங்கள் மூட்டைகளை உள் நடையில் இறக்கியிருந்தார்கள்.

மறுநாள் பகலே எல்லாரும் திரும்பி வந்துவிட்டார்கள். நடந்ததைச் சுமைக்காரர் சொல்லித்தான் அறிந்தேன். மேலே போய்ச் சேர மாலையாகிவிட்டது, தூறலும் பிடித்துவிட்டது. கயிற்றில் கடதாசி இல்லை. நெருப்புப் பெட்டியைத் தேடி ஒவ்வொரு மூட்டையாகக் கிழித்திருக்கிறார்கள். ஒன்பதாவதில் இருந்தது. அதற்குள் மாவும் சீனியும் அரிசியும் சேறோடு சேறு. கந்தோர்க்காரர் குடையைப் பிடித்துக்கொண்டு ரஸ்க்கைத் தின்றாராம், காலில் அட்டை. விடிந்ததும் தம் ஆட்களோடு இறங்கிவிட்டார். விரிப்புத் துணிக் காரியம் வேறு கடைக்குப் போனது.

என் கணவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் குசினிக்கு வந்து நின்றார். “வேணுமென்டுதானே எழுதாம உட்ட?” என்றார்.

எழுதினேன், வழியில் எங்கேயோ விழுந்திருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போது அவர் முகத்தைப் பார்த்தேன். பதினாலு வருஷக் குடித்தனத்தில் முதல் தடவையாக, இவள் இப்படியும் செய்யக்கூடியவள் என்று நினைத்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தை எனக்குக் கெடுக்க மனமில்லை. அடுப்பில் கறியைக் கிளறிக்கொண்டிருந்தேன்.

கிழிந்த சாக்குகளை உதறி அடுக்கியதும் நான்தான். மறைப்பு திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு அவர்கள் காட்டுக்கும் போகவில்லை. மகள் அந்த வருஷ முடிவுக்குள் பெரிய பிள்ளை ஆனாள். பதினைந்தில் குருநாகலுக்குக் கட்டிக் கொடுத்தோம். மாப்பிள்ளை அவளை எந்த ஆற்றுக்கும் கூட்டிப் போனதாக நான் கேள்விப்படவில்லை.

வேண்டுமென்றே எழுதாமல் விட்டவள் என்ற பேர் மட்டும் எனக்கு நிலைத்தது. நாத்தனார்மார் என்னிடம் அளந்து பேசினார்கள். அவரும் எதையும் முடிவு செய்யுமுன் என் பக்கம் ஒரு பார்வை பார்ப்பார். அவருடைய உம்மா, என் மாமி மட்டும், “ஆம்புளைகளக் காட்டுல பட்டினி போட்ட பொம்புள” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். சொல்லட்டும் என்று இருந்தேன்.

ஆறு வருஷம் கழித்து மாமி மௌத்தாகி அடக்கமானார். ஓதுவதற்காக, மாமி யாரையும் தொடவிடாமல் அலுமாரிக்கு மேல் வைத்திருந்த பழைய குர்ஆன் பையை இறக்கினபோது, அதற்குள் மடித்த கடதாசி ஒன்று இருந்தது. என் கையெழுத்து. மாமிக்கு வாசிக்கத் தெரியாது. அரபு எழுத்தைக் கண்டால் தெரியும். அந்த எழுத்துள்ள கடதாசி கால்படுகிற நடையில் கிடக்கக் கண்டால் எங்கள் பெண்களில் எவளும் அதைத்தான் செய்வாள். எடுத்து முத்தி, கண்ணில் ஒற்றி, உயரத்தில் வைத்திருக்கிறார். உப்பும் கருவாடும் எழுதின கடதாசியென்று அவருக்கு யார் சொல்ல?

கணவர் அதை ஜன்னலோரம் கொண்டுபோய் முழுவதையும் வாசித்தார். கடைசி வரி எனக்கு ஞாபகம் இருந்தது. பச்சை நூல் மூட்டையில் வெறும் போத்தல் ஒன்று. வரும்போது ஆற்றுத் தண்ணீர் நிரப்பிக்கொண்டு வரவும். பிள்ளைக்கு.

“எழுதித்தான் ஈக்கிய” என்றார். குரலில் ஒரு இளக்கம். அன்று பின்னேரமே தங்கைமாரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார், அவள் ஒன்றும் செய்யவில்லை, பாவம் என்று. வீடு முழுக்க என்மேல் இரக்கப்பட்டது.

பிறகு எதை முடிவு செய்யும்போதும் அவர் என் பக்கம் பார்க்கவில்லை.